நடவுக்காரப் பெண்களின் பயிற்சிக்குப் பணம் திரட்டிய அனுபவம்

காவிரிப் படுகையில் நடவு மெஷின் வாங்க மானியம் உண்டு. ட்ரோன் வாங்க மானியம் உண்டு. மெஷின் வாடகை மையம் தொடங்க மானியமும் கடனும் சேர்ந்தே கிடைக்கும். அந்த மெஷினோடு வயலில் இறங்கி வேலை செய்யப்போகிறவர்களைப் பழக்கப் பணம் கேட்டால் மட்டும், எந்தத் தலைப்பில் கேட்பது என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது.

திருவாரூர் மாவட்டத்தில், நீடாமங்கலம் மன்னார்குடிப் பக்கம் செயல்படும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பயிற்சி வேலைகளைக் கவனித்து வருகிறேன். அரசுத் திட்டங்கள், நபார்டு ஊரக வளர்ச்சி வங்கி, மற்ற வங்கிகள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்று பல இடங்களில் கேட்டிருக்கிறோம். சில இடங்களில் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. எங்கே, எப்படிக் கேட்டால் கிடைத்தது என்பது இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பயிற்சி யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 'நவீன வேளாண் தொழில்நுட்பப் பயிற்சி' என்றதும் எல்லோர் மனதிலும் வருவது டிரைவர்தான். ரைடிங் மெஷினில் உட்கார்ந்து ஓட்டுகிற ஓர் இளைஞர், கையில் ரிமோட்டோடு ஓர் இளைஞர். எங்கள் பக்கம் மெஷின் வந்ததால் வேலை போனது அந்த இளைஞருக்கு அல்ல. நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து வந்த பெண்களுக்கு. குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவுக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் அவை. பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். பயிற்சிப் பணம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம் என்பதில் எனக்கு இன்றுவரை மாற்றுக் கருத்து இல்லை.

இதில் உபகாரம் எதுவும் இல்லை, தொழில் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. நடவு மெஷின் நன்றாக வேலை செய்வதும் செய்யாததும் நாற்றங்காலில் முடிவாகிறது. மெஷினுக்குப் பாய் நாற்றங்கால், அதாவது நாற்றைப் பாய்போலச் சுருட்டி எடுக்கும் நாற்றங்கால் வேண்டும். வழக்கமான முறையில் ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் விடுவோம். பாய் நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் போதும். ஆனால் அந்த ஒரு சென்ட்டில் எட்டு சென்ட்டுக்கான கவனம் வேண்டும். பாலித்தீன் விரிப்பைப் போட்டு, மேலே சட்டம் வைத்து, சலித்த மண்ணும் மக்கிய தொழு எருவும் கலந்து சீராகப் பரப்ப வேண்டும். மண்ணில் சிறு கல் இருந்தாலும் நடவின்போது மெஷினின் நாற்றைப் பிடித்து நடும் விரலில் போய்ச் சிக்கும். முளைகட்டிய விதையை எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தூவ வேண்டும். ஓர் இடத்தில் அடர்த்தி, இன்னோர் இடத்தில் வெற்றிடம் என்றால், மெஷின் அந்த வெற்றிடத்தை அப்படியே வயலில் கொண்டுபோய் வைத்துவிடும். முதல் சில நாட்களுக்குப் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும், குழாயால் பீய்ச்சினால் விதை ஒதுங்கிவிடும். 14 முதல் 18 நாளுக்குள் வேர் பின்னி, சுருட்டி எடுக்கும் பதத்துக்கு நாற்று வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் பாய் பிய்ந்துபோகும். அதற்குப் பிறகு என்றால் நாற்று உயர்ந்து மெஷினில் மடங்கும்.

இந்த வேலையை ஒருமுறை பார்த்ததுமே எங்கள் ஊர் அக்கா ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: "இது கோலம் போடுற கை உள்ளவங்க செய்யிற வேலை தம்பி, நீங்க டிராக்டர் ஓட்டுற பசங்கள உட்கார வெச்சிருக்கீங்க." அவர் சொன்னது சரிதான். விதை தூவுவதில் நடவுப் பெண்களின் கைக்கு இணையாக வேறு யாரும் வரவில்லை.

நிலம் பதமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். சேற்றுழவு முடித்து, பரம்படித்து, உடனே மெஷினை இறக்கினால் களிமண்ணில் அது புதையும், நாற்றும் நிற்காது. ஓரிரு நாள் சேறு அடங்க வேண்டும். எவ்வளவு அடங்க வேண்டும் என்பதை வருடக்கணக்காகச் சேற்றில் நின்றவர்கள் காலை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். டிரைவருக்கு அது இரண்டு பருவம் கழித்துத்தான் பிடிபடுகிறது. டிரைவரோடு இவர்களையும் ஒரே குழுவாகப் பழக்கினால், பயிற்சிச் செலவு கொஞ்சம் கூடினாலும் வயலில் நடக்கும் வேலை பல மடங்கு சுத்தமாக இருக்கிறது.

சரி, இவர்களைப் பயிற்சிக்கு அழைத்தால் வருவார்களா? இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தடுக்கி விழுகின்றன. தினக் கூலியில் வாழும் குடும்பத்தில் ஒரு பெண் ஒரு வாரம் பயிற்சிக்கு வந்தால், அந்த வாரம் அடுப்பு எப்படி எரியும்? மதியச் சாப்பாடும், நோட்டும் பேனாவும், பேருந்துக் கட்டணமும் கொடுத்தால் போதும் என்று எழுதப்பட்ட வரவுசெலவுத் திட்டத்துக்கு நிலமுள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். முதல் நாள் முப்பது கையெழுத்து இருக்கும், மூன்றாம் நாள் அதில் பாதிகூட இருக்காது. விட்டுப்போனவர்கள் எல்லோரும் கூலிக்காரர்களாக இருப்பார்கள்.

இழந்த கூலியை நேரடியாக ஈடுகட்டும் திட்டம் என்று நான் பார்த்தது உன்னதி ஒன்றுதான். நூறு நாள் வேலைத் திட்டத்தோடு இணைத்து 2019-20இல் தொடங்கியது. பயிற்சி நாட்களுக்கு, அதிகபட்சம் நூறு நாள் வரை, திட்டத்தின் கூலி விகிதத்திலேயே உதவித்தொகை. யோசனை அருமையானது. ஆனால் அந்தக் குடும்பம் அதற்கு முன் நூறு நாள் வேலையை முழுதாக முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. எங்கள் குழுவில் அந்தத் தகுதி சிலருக்குத்தான் இருந்தது.

மற்றவர்களுக்கு நாங்கள் கண்ட வழி, பயிற்சியையே வேலையாக்குவது. பயிற்சியில் தயாராகும் பாய் நாற்றை உற்பத்தியாளர் நிறுவனம் உறுப்பினர்களுக்கு விற்கும். விற்ற பணத்திலிருந்து நாற்று வளர்த்த பெண்களுக்குக் கூலி. பயிற்றுநர் செலவு, விதை, விரிப்பு, சட்டம் ஆகியவை நன்கொடை அல்லது திட்ட நிதியில். இப்படிப் பிரித்து எழுதியபோது, "கூலி கொடுக்க எங்கள் விதியில் இடமில்லை" என்று சொன்ன இடங்களிலும் ஒப்புதல் கிடைத்தது. அவர்கள் பணம் கூலிக்குப் போகவில்லை. பெண்களுக்கும் கூலி குறையவில்லை. இதற்கு ஒரு முன்தயாரிப்பு அவசியம்: நாற்று விதைக்கும் முன்பே எந்த வயலுக்கு, எந்தத் தேதியில் போகும் என்று விவசாயிகளிடம் முன்பணத்தோடு பதிவு செய்துகொள்ள வேண்டும். பாய் நாற்று காத்திருக்காது. நான்கு நாள் தள்ளிப்போனால் அது வெறும் புல்தான்.

2024இல் குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அதன்பின் பாய் நாற்றுக்கு ஆள் தேடி அலைந்தவர்களைப் பார்த்தபோது, பெண்களைப் பழக்கியதற்கான பலன் கண்முன்னே தெரிந்தது. மானியம் மெஷின் நடவுக்கான தேவையைக் கூட்டிவிடுகிறது. அந்தத் தேவையை ஈடுகட்ட ஆட்கள் இல்லையென்றால் பணம் வெளிமாவட்ட ஒப்பந்தக்காரரிடம் போய்விடும். அறுவடை மெஷினில் அதுதானே நடந்தது? மெஷினும் டிரைவரும் மேற்கு மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

அடுத்தது பருவம். பயிற்சி நிதியின் பெரிய பகையாளி மார்ச் 31. நிதியாண்டு முடிகிறது, பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று பிப்ரவரி மார்ச்சில் பயிற்சிகள் வரிசையாக வந்து விழும். படுகையில் அப்போது சம்பா அறுவடை முடிந்து, தரிசு உளுந்தும் பச்சைப் பயறும் நிற்கும். வயலில் சேறும் இருக்காது, நாற்றும் இருக்காது. அந்த நேரத்தில் நடவு மெஷின் பயிற்சி என்றால் மைதானத்தில் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து காட்டிவிட்டு, குழுப் படம் எடுத்துக்கொண்டு போவதுதான் நடக்கும். நடவு மெஷினைப் பழக வேண்டிய காலம் ஜூன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12ஐ ஒட்டி நாற்றங்காலும் சேற்றுழவும் நடக்கும்போது.

அதற்காக மார்ச் பணத்தை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களுக்கு ஏற்ற பயிற்சி ட்ரோன்தான். தரிசு உளுந்து பூக்கும் நேரத்தில் டி.ஏ.பி. கரைசலோ, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற ஊட்டச்சத்துக் கலவையோ தெளிக்க வேண்டும். படர்ந்து கிடக்கும் உளுந்துக்குள் டேங்கைச் சுமந்துகொண்டு நடந்தால் பூவும் கொடியும் மிதிபடும். ட்ரோன் பறந்தால் அந்தச் சேதம் இல்லை. ஆக, நாங்கள் இப்போது விண்ணப்பத்திலேயே எழுதிவிடுகிறோம்: ட்ரோன் பயிற்சி பிப்ரவரி மார்ச்சில், நாற்றங்காலும் நடவும் மே கடைசியிலிருந்து ஜூலை வரை. நிதி தருகிறவர் ஏற்கிற காலமும் பயிரின் காலமும் ஒத்துப்போகும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது நம் வேலை. அதிகாரிகள் அதைச் செய்ய முடியாது, அவர்களுக்கு மாவட்டம் முழுக்க ஒரே அட்டவணைதான்.

எங்கே கேட்பது என்பதைப் பற்றி இனி விவரமாகவே சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தது ஆத்மா திட்டம். வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை, மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. பெரும்பாலானவர்கள் இதில் ஒருநாள் பயிற்சியையோ கண்டுணர் சுற்றுலாவையோ கேட்டு வாங்குகிறார்கள். இரண்டாலும் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவதால் ஆர்வம் வரும், கை பழகாது. கேட்க வேண்டியது பண்ணைப் பள்ளி. 25 பேர் கொண்ட குழு, பயிரின் முக்கியமான கட்டங்களில் ஆறு வகுப்பு, ஒரே வயலில், ஒரு பருவம் முழுக்க. கை பழகுவதற்கு ஏற்ற அமைப்பு ஆத்மாவில் இது ஒன்றுதான். இதைப் பெற, வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரையும் வட்டார உழவர் ஆலோசனைக் குழுவையும் ஆண்டுத் திட்டம் தயாராகும் முன்பே பார்த்துப் பேசிவிட வேண்டும். திட்டம் மேலே போன பிறகு எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும், "அடுத்த வருஷம் பார்க்கலாம்ண்ணே" என்பதுதான் பதில்.

ஊரக இளைஞர்களுக்கான திறன் பயிற்சி என்று ஹைதராபாத்தின் மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் வழியாக நடக்கும் ஏழு நாள் பயிற்சியும் உண்டு. வேளாண் அறிவியல் நிலையங்கள் அதை நடத்துகின்றன. 1974இல் புதுச்சேரியில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியவை இந்த நிலையங்கள். எங்களுக்கு அருகில் நீடாமங்கலத்தில் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் நிதியைவிட ஆள்பலத்தைக் கேளுங்கள் என்பேன். நாற்றங்காலில் வந்து நின்று சொல்லிக்கொடுக்கும் விஞ்ஞானி கிடைப்பது பெரிய விஷயம்.

நிலமில்லாதவர்களுக்கு முதல் தடை சிட்டா. வேளாண் துறை சார்ந்த பயிற்சி விண்ணப்பங்களில் 'விவசாயி' என்றால் சிட்டா, அடங்கல் வைத்திருப்பவர் என்றே பொருள். வாழ்நாள் முழுக்க நெல் நட்ட பெண்ணிடம் அந்தக் காகிதம் இருக்காது. இவர்களுக்கு ஊரக வளர்ச்சித் துறையும் வங்கியும்தான் வழி. மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் ஆர்செட்டி, அதாவது ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், சிட்டா கேட்பதில்லை. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி பயிற்சி நிலையத்தைப் பார்த்து உருவான அமைப்பு அது. பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பயிற்சி முடித்தவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனிப்பதும், கடனுக்கு வங்கியோடு இணைப்பதும் அவர்கள் பொறுப்பு. இந்த இரண்டு ஆண்டு என்பதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. நாம் போய்க் கேட்டால் செய்கிறார்கள்.

மகளிர் குழுக்கள் வழியாகப் போனால் நபார்டின் குறுந்தொழில் மேம்பாட்டுப் பயிற்சியும் வாழ்வாதார மேம்பாட்டுத் திட்டமும் உண்டு. மாவட்ட வளர்ச்சி மேலாளர் ஒருவர்தான் மாவட்டம் முழுவதற்கும். அவரைப் பார்க்கப் போகும்போது, "பயிற்சி வேண்டும் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குழுவின் பெயர், சேமிப்பு, ஏற்கெனவே திருப்பிக் கட்டிய கடன், பயிற்சிக்குப் பிறகு யார் வேலை தரப்போகிறார்கள் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் நடந்த சமுதாயத் திறன் பள்ளி எனக்குப் பிடித்த மாதிரி. அதே ஊரில் தொழில் தெரிந்த ஒருவரே ஆசிரியர், பக்கத்துத் தெருக்காரர்கள் மாணவர்கள். வேளாண் பயிற்சி எல்லாமே இப்படி நடக்க வேண்டும் என்று ஆசை.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே உற்பத்தியாளர் நிறுவனங்கள் வீணாக அலைகின்றன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர லாபம் 5 கோடியைத் தொடும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். திறன் பயிற்சியும் ஊரக வளர்ச்சியும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பணத்தைப் பெற்றுத் திட்டத்தை நடத்த, அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, 8ஆம் பிரிவில் பதிவான லாப நோக்கமற்ற கம்பெனியாகவோ இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டப்படி லாப நோக்கமற்ற அமைப்புக்கான பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவும் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி), 2021 ஏப்ரல் முதல் இந்த நிதிக்கான சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனம் உறுப்பினர்களின் லாபத்துக்காகப் பதிவானது. அதனால் நேரடியாக நடத்துபவராக இருக்க முடியாது. பதிவுகள் எல்லாம் சரியாக உள்ள, நம்பகமான ஓர் அறக்கட்டளையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, யார் எந்த வேலை, யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும்.

இன்னொரு விதி நமக்குச் சாதகமானது. இந்த நிதியில் வாங்கும் ட்ரோனோ, மெஷினோ அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக முடியாது. பயனாளிகளின் சுய உதவிக் குழுவின் பெயரிலேயே அது இருக்கலாம். அதேபோல, தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை செலவு செய்யலாம். இதை நாமாகச் சொல்லிக் கேட்க வேண்டும். "ஒரு நாள் நிகழ்ச்சி வேண்டாம் சார், இரண்டு பருவம் தொடரும் திட்டமாகக் கொடுங்கள்" என்றால், அவர்களுக்கும் ஆண்டறிக்கையில் எழுத நல்ல விஷயம் கிடைக்கிறது.

ட்ரோனுக்கு வருகிறேன். 2025-26 வரைக்கு என்று 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டத்தில், 15,000 மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். மீதியை வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 3 சதவீத வட்டிச் சலுகையோடு கடனாகப் பெற வழி செய்திருந்தார்கள். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி. அதில் ஐந்து நாள் கட்டாய பைலட் பயிற்சி, பத்து நாள் உரமும் மருந்தும் தெளிக்கும் பயிற்சி. உதவியாளராக இன்னொருவருக்கும் பயிற்சி உண்டு. எனக்குத் தெரிந்து பயிற்சியைத் திட்டத்துக்குள்ளேயே வைத்து எழுதிய நல்ல திட்டம் இது.

இந்தத் திட்டத்துக்கு வெளியே பயிற்சிக்கு அனுப்புவதானால், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில்தான் ரிமோட் பைலட் சான்றிதழ் பெற முடியும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் விதியைத் திருத்தி, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவையே போதும் என்றாக்கினார்கள். ஊரகப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய தடையாக இருந்தது என்பது விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். இன்னமும் பாஸ்போர்ட் வேண்டும் என்று யாராவது சொன்னால், திருத்தத்தை எடுத்துக் காட்டுங்கள்.

பத்தாம் வகுப்பு என்பதால் நடவுப் பெண்களில் வயதில் மூத்தவர்கள் பலர் பைலட் ஆக முடிவதில்லை. அவர்களின் மகளோ மருமகளோ பைலட் ஆகிறார்கள். எங்கள் குழுவில் மாமியார் கரைசல் கலக்குகிறார், மருமகள் பறக்கவிடுகிறார். இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது, ஏனென்றால் கரைசல் கலப்பதும் சின்ன வேலை இல்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் ட்ரோனில் சுமார் 10 லிட்டர்தான். கரைசல் கெட்டியாக இருக்கும். துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும், வயலில் கோடு கோடாக மருந்து விடுபடும். எந்த மருந்தை எதோடு கலக்கக்கூடாது, கையுறை, முகக்கவசம், கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்பதற்கெல்லாம் தனி வகுப்பு வேண்டும். பல பயிற்சிகளில் இதற்கு நேரமே ஒதுக்குவதில்லை.

சான்றிதழ் வாங்கி வந்த பிறகுதான் உண்மையான செலவு ஆரம்பிக்கும். பயிற்சி மைதானம் திறந்த வெளி. எங்கள் வயலில் வரப்பெல்லாம் தென்னை, குறுக்கே மின்கம்பி. காலையில் காற்று அடங்கியிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் பறந்து முடிக்க வேண்டும். பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கூடுதல் பேட்டரிகளும், வயலிலேயே சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டரும் இல்லாமல் ஒரு நாளைக்கு வருமானம் தரும் அளவுக்கு ஏக்கர் ஓட்ட முடியாது. ட்ரோனை இருசக்கர வண்டியில் கொண்டுபோக முடியாது, சின்ன வேன் வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பறக்க அனுமதியுள்ள பகுதியா என்று பார்க்கவும் பழக வேண்டும். இவை எல்லாம் 'பயிற்சிச் செலவு' என்ற தலைப்பில் வராது. அதனால் நாங்கள் 'முதல் பருவ ஆதரவு' என்று தனித் தலைப்பே போட்டு எழுதுகிறோம். வேன் வாடகை, பேட்டரி, இறக்கை, காப்பீடு, அனுபவமுள்ள பைலட் ஒருவர் வந்து உடன் நிற்பதற்கான கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். இந்தத் தலைப்பை ஒருவர் வெட்டினால், ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு இந்தத் தலைப்பைக் காப்பாற்றுவோம். இருபது பேருக்குச் சான்றிதழ் கொடுப்பதைவிட ஐந்து பேர் ஒரு பருவம் முழுக்கப் பறப்பது மேல்.

பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. நல்லவை இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இந்தத் துறையில் பல ஆண்டு அனுபவம் இருக்கிறது. தமிழ்நாடு அரசே ஆளில்லா வான்வழி வாகனக் கழகம் ஒன்றை நடத்துகிறது. ஆனால் நாங்கள் ஆட்களை அனுப்பிய ஒரு தனியார் மையத்தில், நாள் முழுக்கத் திரையில் பாடம் காட்டிவிட்டு, சாயங்காலம் வரிசையில் நிற்கவைத்து ஆளுக்குச் சில நிமிடம் ரிமோட்டைக் கொடுத்தார்கள். திரும்பி வந்த பெண்ணிடம் கேட்டபோது, "கையில வாங்குறதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க அண்ணே" என்றார். அதன்பிறகு ஒப்பந்தத்தில் இரண்டு வரி கண்டிப்பாகச் சேர்க்கிறோம்: ஒவ்வொருவரும் தனியாகப் பறக்கவிட்ட நேரம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். கட்டணத்தின் கடைசித் தவணை, பயிற்சி பெற்றவர் நம் வயலில் தனியாகத் தெளித்துக் காட்டிய பிறகுதான். இதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்துக்கு ஆள் அனுப்புவதில்லை.

பழுது பார்ப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நடவு நடக்கும் நாளில் மெஷினின் நடவு விரல் வளைந்தால், கம்பெனி மெக்கானிக் தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டும். அதற்குள் பாய் நாற்று முற்றிவிடும். ஊரில் ஏற்கெனவே பைக் மெக்கானிக்காக இருக்கும் தம்பி ஒருவரை அனுப்பிப் பழக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிறுவனங்கள் நான்கில் தென்மண்டலத்துக்கானது ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டம் கார்லதின்னேயில் இருக்கிறது. டிராக்டர், பண்ணைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அங்கே பயிற்சி உண்டு. ஆள் பழகுவதோடு, உதிரி பாகங்களை ஊரில் இருப்பு வைக்கச் சிறு சுழல்நிதியும் வேண்டும். இதற்குத் தேவைப்படும் தொகை மற்றவற்றோடு பார்த்தால் மிகக் குறைவு. கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

நிதி தந்தவர்களுக்கு என்ன காட்டுவது என்ற கேள்வி எப்போதும் வரும். அவர்கள் படிவத்தில் 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்ற கட்டம்தான் இருக்கும். அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு, கூடவே நாங்கள் ஒரு நோட்டையும் காட்டுகிறோம். தேதி, வயல், ஏக்கர், வந்த பணம், டீசல் அல்லது சார்ஜ் செலவு, பழுது. குழுப் பெண்களே எழுதுகிற சாதாரண நீளவாட்டு நோட்டு அது. ஒரு வங்கி மேலாளர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் குழுவின் கடனுக்குச் சம்மதித்தார். சான்றிதழ்களை அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை.

இப்போது எங்களுக்கு மிச்சமிருக்கிற சிக்கல் வருடம் முழுக்க வேலை. ஜூன் ஜூலையில் குறுவை நாற்று, செப்டம்பரிலிருந்து சம்பா, தாளடி நாற்று, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை உளுந்துக்கு ட்ரோன். டிசம்பரிலும் ஏப்ரலிலும் கையில் வேலை இல்லை. அந்த மாதங்களில் பழைய நடவுக் கூலியும் இல்லாததால் பெண்கள் திருப்பூருக்குப் போய்விட்டால், பழகிய கை நம்மை விட்டுப் போய்விடும். வைக்கோல் கட்டும் மெஷினையும் அடுத்த நாற்றங்காலுக்கான மண் சலித்து மூட்டை கட்டும் வேலையையும் இதே குழுவுக்குக் கொடுத்து அந்த இடைவெளியை அடைக்க முடியுமா என்று பார்க்கிறோம். வட்டார ஆலோசனைக் குழுவுக்கு இந்த முறை கொடுத்திருக்கும் பண்ணைப் பள்ளிக் கோரிக்கையில் அந்த இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறோம்.